ரத்தம் குறைவு என்ற ரிப்போர்ட்டும் தை மாதக் கல்யாணமும்

காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 24 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்து, சில நாள் கழித்து ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதி வரிகளுக்குப் பக்கத்தில் ‘குறைவு’, ‘அதிகம்’ என்று தடித்த எழுத்து. ஹீமோகுளோபின் 10.8. வெள்ளையணு 11,800, அதில் இயோசினோபில் 12 சதவீதம். தட்டணு 1,12,000. சிவப்பணு 56 லட்சம். எம்.சி.வி. என்ற வரியில் 62. ஒரு வருடமாக இரும்பு மாத்திரையும் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. ‘வெள்ளையணு கூடினால் ரத்தப் புற்றுநோய்’ என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. தட்டணு ஏறட்டும் என்று பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறார்; மகள் குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறாள்.

மாப்பிள்ளை வேறு யாருமல்ல, இவருடைய உடன்பிறந்த அண்ணன் மகன். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயமும் ஆகிவிட்டது. தையில் கல்யாணம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஓ பாசிட்டிவ். ஒரே குரூப்பாக இருந்தால் குழந்தை தங்காது என்று வேறொருவர் கிளப்பிவிட்டிருக்கிறார். ‘கல்யாணத்துக்கு முன்பு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டால் சரியாகிவிடாதா? அண்ணன் வீட்டில் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பா?’ இவைதான் அவர் கேட்பவை. கடைசியில், போகிற போக்கில் இப்படியும் எழுதியிருக்கிறார்: ‘எனக்கும் சின்ன வயதிலிருந்தே ரத்தம் குறைவுதான். இவளைச் சுமந்தபோது ஊசி போட்டும் ஏறவில்லை. எங்கள் அம்மாவையும் ரத்தமில்லாத உடம்பு என்றுதான் சொல்வார்கள்.’

அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மூன்று வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன், உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் பயத்தைப் பேசிவிடுவோம்.

வெள்ளையணு கூடினால் புற்றுநோயா?

உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் ரத்தப் புற்றுநோயைக் காட்டும் எதையும் நான் பார்க்கவில்லை. வெள்ளையணு ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். 11,800 என்பது ஒரு சளிக் காய்ச்சலுக்கே எட்டக்கூடிய எண். புற்றுநோயில் மருத்துவரைக் கவலைப்பட வைப்பது எண்ணிக்கை மட்டுமல்ல. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரக்கூடாத முதிராத அணுக்கள் ரத்தத்தில் தென்படுவதுதான். கூடவே காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவு, ஈறில் ரத்தக் கசிவு, உடம்பில் கன்றிய தடங்கள் இருக்கின்றனவா என்று கேட்போம். பப்பாளிச் சாறு குடித்த பிறகு வரும் வாந்தியையும் காலைத் தும்மல், கண் அரிப்பையும் தவிர உங்கள் மகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வெள்ளையணு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் ஐந்து வகை உண்டு, ஐந்துக்கும் வேலை வேறு. எண்ணிக்கையில் முதலிடம் நியூட்ரோபிலுக்கு. புண்ணில் பாக்டீரியா நுழைந்தால் முதலில் போய்ச் சேர்ந்து விழுங்குவது அதுதான். சீழ் என்று நாம் துடைத்துப் போடுவதில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோபில்களே. லிம்போசைட்டுகளில் ஒரு பிரிவு எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறது; இன்னொரு பிரிவு வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்கிறது. குழந்தைக்குப் போடும் தடுப்பூசியை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பதும் இவைதான். மோனோசைட்டுகள் ரத்தத்தை விட்டு வெளியேறி உறுப்புகளில் தங்கிவிடுகின்றன. மண்ணீரலில் அப்படித் தங்கியவை ஆயுள் முடிந்த சிவப்பணுவை விழுங்கி, அதிலிருந்த இரும்பைப் பத்திரமாக மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. இந்த இரும்புக் கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். பேசோபில் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வாமையின்போது அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமின் அதில் இருக்கிறது.

மீதி இருப்பது இயோசினோபில். உங்கள் மகளுக்குக் கூடியிருப்பது இது மட்டும்தான். 11,800-இல் 12 சதவீதம் என்றால் சுமார் 1,400. 500-க்குள் இருக்க வேண்டும். இந்த அணு கூடுவதற்கு நம் ஊரில் வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று ஒவ்வாமை. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு இருக்கிறது என்கிறீர்கள். கம்பெனியில் அடிக்கடி தையல் பகுதிக்குப் போய்வருவதால் பஞ்சுத் துகளும் உண்டு. இன்னொன்று குடல் புழு. லீவு நாளில் மாட்டுத் தொழுவத்திலும் காட்டிலும் வெறுங்காலோடு வேலை செய்கிற பெண் என்றால் கொக்கிப் புழுவை நினைக்காமல் இருக்க முடியாது. அது மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். மலப் பரிசோதனை செய்யுங்கள். பூச்சி மாத்திரை தேவை என்று மருத்துவர் சொன்னால் இப்போதே முடித்துவிடுவது நல்லது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதைக் கொடுக்க மாட்டோம்.

தட்டணுவும் பப்பாளி இலையும்

சாற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தட்டணு என்பது முழு அணுகூட அல்ல. மஜ்ஜையில் உள்ள ஒரு பெரிய செல்லிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு. எட்டு, பத்து நாள் வாழும். ரத்தக் குழாயில் எங்கே கிழிசல் விழுந்தாலும் ஓடிப்போய் ஒட்டி அடைப்பது அதன் வேலை. 1.5 லட்சத்துக்கு மேல் இருந்தால் இயல்பு. 1,12,000 என்பது சற்றுக் குறைவுதான் என்றாலும், தானாக ரத்தம் கசியும் அபாயம் தலைகாட்டுவது பெரும்பாலும் 20,000-க்குக் கீழே போனால்தான். டெங்குக் காலம் நம் எல்லாரையும் தட்டணு எண்ணிக்கையைக் கண்டாலே நடுங்குமாறு பழக்கிவிட்டது. காய்ச்சலே இல்லாத பெண்ணுக்கு டெங்கு வைத்தியம் எதற்கு?

அந்த எண்ணே உண்மைதானா என்பதும் எனக்குச் சந்தேகம். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் ஒரு மருந்து வைத்திருப்பார்கள். சிலருடைய தட்டணுக்கள் அந்த மருந்து பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். இயந்திரம் அந்தக் கொத்தைத் தட்டணுவாகவே எண்ணாது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை மெல்லிசாக இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அந்தக் கொத்துகள் தகட்டின் ஓரத்தில் ஊதா நிறத்தில் குமிந்து கிடப்பதைப் பார்க்கலாம். முகாமில் எடுத்த ரத்தம் வெகுநேரம் காத்திருந்து பிறகு இயந்திரத்துக்குப் போயிருந்தால் இது இன்னும் சகஜம். ரத்தத் தகட்டுப் பரிசோதனை என்று கேளுங்கள். தேவைப்பட்டால் சிட்ரேட் என்ற வேறு மருந்து வைத்த குழாயில் இன்னொரு முறை எடுத்து எண்ணுவார்கள்.

சிவப்பணு: விஷயம் இருப்பது இங்கே

ரிப்போர்ட்டில் உங்களை யாரும் பயமுறுத்தாத வரி ஒன்று இருக்கிறது. சிவப்பணு 56 லட்சம். அது குறைவே இல்லை. ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் தாராளம் என்றே சொல்வேன். ஆனால் எம்.சி.வி. 62. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80-க்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் மகளின் கம்பெனி பாஷையில் சொன்னால், பீஸ் எண்ணிக்கை ஆர்டரைத் தாண்டிவிட்டது, சைஸ் மட்டும் இரண்டு அளவு சின்னது.

இது ஏன் முக்கியம்? சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. கிட்டத்தட்ட ஹீமோகுளோபினை அடைத்த ஒரு பை அது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, உடம்பெங்கும் இறக்கிவிட்டு, சுமார் 120 நாளில் ஆயுளை முடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் செய்ய இரும்பும் வேண்டும், குளோபின் என்ற புரதமும் வேண்டும். இரும்பு பற்றாவிட்டால் மஜ்ஜை முடங்கிப்போய் அணுக்களைச் சிறிதாகவும் செய்யும், குறைவாகவும் செய்யும். இரும்பு இருந்தும் குளோபின் புரதம் பிறவியிலேயே குறைவாக உற்பத்தியானால், மஜ்ஜை ஈடுகட்டுவதற்காகச் சின்னச் சின்ன அணுக்களை நிறையச் செய்து தள்ளும். இந்த இரண்டாவது நிலைக்குத் தலசீமியா மரபுக்கூறு என்று பெயர். 1973-இல் மென்ட்சர் என்ற மருத்துவர் இதற்கு ஓர் எளிய கணக்குச் சொன்னார். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால், பத்து லட்சம் அலகில், வகுக்க வேண்டும். 13-க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவு, கீழே வந்தால் தலசீமியா மரபுக்கூறு என்று சந்தேகிக்கலாம். உங்கள் மகளுக்கு 62-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11. சந்தேகப்படத்தான் இந்தக் கணக்கு உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. ஆனால் ஒரு வருட மாத்திரைக்கும் அசையாத ஹீமோகுளோபின், மூன்று தலைமுறையாக ‘ரத்தமில்லாத உடம்பு’, இந்தக் கணக்கு, மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

பெயரைக் கேட்டுப் பதறாதீர்கள். மரபுக்கூறு என்பது நோயல்ல. குளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு. பீட்டாவைச் செய்யும் மரபணு நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் 10, 11 என்றே நிற்கும், அவ்வளவுதான். வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம், முழு ஆயுள் வாழலாம். என் ஊகம் சரியென்றால் நீங்களே அதற்குச் சாட்சி. மலேரியா மிகுந்திருந்த நிலப்பகுதிகளில் இந்தக் கூறு தலைமுறை தலைமுறையாக நிலைத்தது, அது மலேரியாவிடமிருந்து ஓரளவு காத்ததால்தான். எனவே ‘வம்சக் குறை’ என்று யாரும் பேச இதில் இடமில்லை.

உறுதிசெய்ய இரண்டு பரிசோதனைகள் வேண்டும். எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்டும். அதில் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மரபுக்கூறு என்று கொள்ளலாம். கூடவே ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்பு இருப்பு. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கடுமையான இரும்புக் குறைவு ஏ2-வைத் தாழ்த்திக் காட்டிவிடக்கூடும். உங்கள் மகளுக்கு மரபுக்கூறும் கொக்கிப் புழுவும் சேர்ந்தே இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏ2 இயல்பாக இருந்து, ஃபெரிட்டினும் நன்றாக இருந்து, அணு மட்டும் சிறிதாகவே இருந்தால் ஆல்ஃபா வகையாக இருக்கலாம். அதை மரபணுப் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். அப்போது ரத்தவியல் நிபுணரிடம் போங்கள்.

இரும்பு மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை ஃபெரிட்டினைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். மண்ணீரல் இரும்பைத் திருப்பி அனுப்புகிறது என்றேன் அல்லவா? உடம்பு இரும்பை விடாப்பிடியாகச் சேமிக்கும். மிஞ்சியதை வெளியேற்ற அதற்குச் சரியான வழி கிடையாது. தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுப்பது நல்லதல்ல. பீட்ரூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதன் சிவப்புக்கும் ரத்தச் சிவப்புக்கும் உறவில்லை. கம்பு, கொள்ளு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு. சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள், அது இரும்பைச் சேரவிடாது.

ஒரு பாட்டில் ரத்தம், ஒரே குரூப்

ரத்தம் ஏற்றவே கூடாது. 10.8 ஹீமோகுளோபினுக்கு அது தேவையில்லை. நிலையாக இருக்கும் ஒருவருக்கு 7-க்குக் கீழே போகும்போதுதான் பெரும்பாலும் அந்தப் பேச்சே எழும். ஏற்றினால் ஒவ்வாமை, தொற்று, பிற்காலக் கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய எதிர்ப்புப் புரதங்கள் என்று சிறு அபாயங்கள் உண்டு. அதைவிட, பிறர் ரத்தம் கலந்துவிட்டால் எச்.பி.எல்.சி. முடிவைச் சில மாதங்களுக்கு நம்ப முடியாது. கல்யாணத்துக்கு முன் தெரிய வேண்டிய ஒரே விஷயத்தை நீங்களே மறைத்ததாகிவிடும்.

குரூப் விஷயத்தில் கவலையே வேண்டாம். இருவரும் ஓ பாசிட்டிவ் என்பதால் குழந்தைக்கு எந்தத் தீங்கும் இல்லை. பெண் நெகட்டிவ், மாப்பிள்ளை பாசிட்டிவ் என்றால்தான் கர்ப்பத்தில் ஓர் ஊசி போட வேண்டிவரும்.

அண்ணன் வீட்டில் சொல்வதா?

அண்ணன் வீட்டில் சொல்வதற்கு முன் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். கடிதம் முழுக்க நீங்கள் பேசுகிறீர்கள். உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. 24 வயதுப் பெண், ரிப்போர்ட் அவளுடையது. முதலில் அவளை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லுங்கள். யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அவள் சம்மதமில்லாமல் எந்த மருத்துவரும் அவளுடைய பரிசோதனை முடிவை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல முடியாது. தொழில் ஒழுக்க விதிகளே அதைத் தடுக்கின்றன.

மறைத்துவிட்டால் என்ன ஆகும்? மாப்பிள்ளைக்கு இந்தக் கூறு இல்லாவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிறக்கும் குழந்தைகளுக்கு இதே மரபுக்கூறு வர 50 சதவீத வாய்ப்பு, நோய் வராது. ஆனால் அவருக்கும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு: குழந்தை இரண்டு பழுதான மரபணுக்களையும் வாங்கிக்கொண்டு பிறக்கும். அதுதான் தலசீமியா நோய். இரண்டு வயதுக்குள் வெளுத்துப்போகும் குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அதனால் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மருந்து கொடுக்க வேண்டும். பொருத்தமான உடன்பிறப்பு கிடைத்தால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் குணப்படுத்தலாம், எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருப்பதிலிருந்தே அதன் பாரத்தை ஊகிக்கலாம்.

மாப்பிள்ளைக்கு இருக்க எவ்வளவு வாய்ப்பு? உங்கள் மகளுக்கு இது உங்களிடமிருந்து வந்திருந்தால், உங்களுக்கு உங்கள் அப்பா அம்மாவிடமிருந்து வந்திருக்கும். அதே பெற்றோருக்குப் பிறந்த உங்கள் அண்ணனுக்கு இருக்க சரிபாதி வாய்ப்பு. அண்ணன் மகனுக்கு நான்கில் ஒன்று. சொந்தத்தில் கட்டுவது தப்பு என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் முறை மாப்பிள்ளை என்பதால்தான் இந்தப் பரிசோதனை அவசியமாகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இது பெண் வீட்டுக் குறை என்று உங்கள் அண்ணனே சொல்ல முடியாது. உங்கள் மகளின் அப்புச்சி, அம்மாயி, அதாவது உங்கள் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தது என்றால் அது அவருக்கும் சொந்தம்தான். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், இரண்டு பேரும் ஒன்றாகத் திருமணத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்கு வரட்டும் என்று மருத்துவரை விட்டே சொல்லச் செய்யலாம். நானாக இருந்தால் அந்த வழியைத்தான் எடுப்பேன். அடுக்களையில் கிசுகிசுவாகப் போய்ச் சேர்வதைவிட மேல்.

இருவருக்கும் இருப்பதாக வந்தால்கூடக் கல்யாணத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்து விலகிக்கொள்வதும் அவர்கள் உரிமை. தெரிந்தே சேர்ந்து வாழ்வதும் அவர்கள் உரிமை. சேர்ந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதித்து, குழந்தைக்கு நோய் உண்டா என்று தெரிந்துகொள்ளலாம். உண்டு என்று வந்தால் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. 20 வாரத்துக்குள் ஒரு மருத்துவரின் கருத்தே போதும். அந்த முடிவின் மனப்பாரம் வேறு, அதைச் சட்டம் தீர்த்துவைக்காது. கல்யாணத்துக்கு முன்பே அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டிய பேச்சு அது.

இப்போது செய்ய வேண்டியது: நீங்களும் மகளும் ஒரே நாளில் எச்.பி.எல்.சி. கொடுங்கள். மகளுக்கு ஃபெரிட்டின், ரத்தத் தகட்டுப் பரிசோதனை, மலப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மகளுக்குக் கூறு இல்லை என்று உறுதியானால் இந்தக் காரணத்துக்காக மாப்பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இருக்கிறது என்று வந்தால், அது உங்கள் வழியோ உங்கள் கணவர் வழியோ, மாப்பிள்ளையும் ஒருமுறை பார்த்துவிடட்டும். பெருந்துறை, கோவை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவில் கேட்டால் எங்கே செய்வது என்று வழிகாட்டுவார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. முகாம் ரிப்போர்ட்டோடு, மகளைச் சுமந்த காலத்து உங்கள் சீட்டு ஏதாவது பீரோவில் கிடந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள், அதில் எம்.சி.வி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஹீமோகுளோபின் எண் இருந்தால் போதும்.